எண்ணிக்கை தப்பினால்

ஒரு ஊரில் இரண்டு முழங்கால்கள் இருந்தன. வலது ஒன்று, இடது ஒன்று. இரண்டும் ஒரே ஆளுக்குச் சொந்தம்.

ஊர் மன்னார்குடி. ஆள் தில்லைநாயகம் வாத்தியார். கணக்கு எடுத்தவர். முப்பத்தாறு வருஷம் அந்த முழங்கால்கள் கரும்பலகை முன்னால் நின்றன. நின்றதைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்து எழுவதெல்லாம் பையன்களின் வேலை.

தோப்புக்கரணத்தைச் சொல்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு இருபது. வகுப்பில் பேசினவனுக்கு ஐம்பது. காப்பியடித்தவனுக்கு நூறு. போடுகிறவனே சத்தமாக எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து. இது வாத்தியார் போட்ட சட்டம். அவருடைய முழங்கால்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும்.

"அந்தச் சின்ன முழங்கால்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது," என்று இடது ஒருமுறை சொன்னது.

"நமக்கென்ன," என்றது வலது.

அதெல்லாம் பழசு. இப்போது வாத்தியாருக்கு எழுபத்தாறு. மனைவி போய் மூன்று வருஷம். வீட்டில் அவரும் ஒரு நாற்காலியும்தான். ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் கொடுத்த நாற்காலி. தேக்கு. அகலமாக இரண்டு கைகள். முதுகில் ஒரு பித்தளைத் தகடு, அதில் வாத்தியார் பெயர்.

நாற்காலிக்கு வாய் இனிப்பு.

"நான் இருக்கேன் சார். என் கையைப் பிடிங்க, எழுந்திருங்க," என்று சொல்லும். கொஞ்ச நாள் கழித்து, "இப்ப எங்க போகப் போறீங்க? அப்படியே உக்காருங்க," என்று சொல்லத் தொடங்கியது.

வாத்தியார் உட்கார்ந்தார். முழங்கால்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு வேலை மறந்துபோகும். முழங்காலுக்கும் அப்படித்தான்.

ஆடி மாதம் குளியலறையில் விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார். கூப்பிடக் குரல் இருந்தது. கூப்பிடவில்லை. அந்த நிலையில் யாராவது பார்த்துவிட்டால்?

வீட்டு வேலைக்கு வரும் செங்கமலம்தான் அம்மிக் குழவியால் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்தாள். ஒரு வேட்டியை முதலில் போர்த்தினாள். பிறகு தூக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அறுபத்தொன்று.

பெங்களூரிலிருந்து மகள் அரசி வந்தாள்.

"போதும்ப்பா. எங்களோட வந்துடுங்க. உங்களுக்குன்னு ரூம் ரெடி."

"எத்தனாவது மாடி?"

"ஒன்பது. லிஃப்ட் இருக்கு. பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு. தாழ்ப்பாளக்கூடக் கழட்டிட்டோம். பயமே வேண்டாம்."

வாத்தியார் தாழ்ப்பாள் இல்லாத கதவை நினைத்துப் பார்த்தார். அதற்குள்ளே தான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். வெளியே மாப்பிள்ளை, பேரன், வேலைக்கு வருகிறவர்கள்.

"தை வரைக்கும் டைம் குடு," என்றார்.

"எதுக்கு?"

"காலைச் சரிபண்ணிக்கிறேன்."

அரசி நியாயமான பெண். அடுத்த நாளே ஒரு கைப்பேசியும், அதை வைத்து இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டையும் வாங்கி வந்தாள். கைப்பேசிக்குள் ஒரு உடற்பயிற்சிச் செயலி.

"வயசானவங்களுக்குன்னே பண்ணினதுப்பா. பட்டையைக் கட்டிக்கிட்டு இந்த ஸ்டூல்ல உக்காந்து எழுந்திருங்க. ஸ்டூலைச் சுவரோட ஒட்டிப் போட்டிருக்கேன். நாற்காலிக் கையை மட்டும் பிடிக்கக் கூடாது. எத்தனை தடவை எழுந்தீங்கன்னு அதுவே எண்ணும். எண்ணினது தினம் எனக்கு வந்துடும். தை பொறக்கறதுக்குள்ள நல்லா எழுந்திரிச்சீங்கன்னா நீங்க இங்கயே இருக்கலாம். நான் வாயே தொறக்க மாட்டேன்."

பேச்சு முடிந்தது. அவள் ஊருக்குப் போனாள். அன்றே வாத்தியார் உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதில் புதிது மாட்டச் செய்தார்.

மறுநாள் காலை வாத்தியார் பட்டையைக் கட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கைப்பேசி பேசியது. அதற்கு ஒரு இளம்பெண்ணின் குரல் கொடுத்திருந்தார்கள். புத்தகத் தமிழ்.

"வணக்கம். நான் உங்கள் பயிற்சித் துணை. இன்றைய இலக்கு ஐந்து. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளவும். மெதுவாக எழவும்."

"யாரு இவ?" என்றது வலது முழங்கால்.

"எவளா இருந்தா என்ன. ரொம்ப நாள் கழிச்சு நம்மகிட்ட ஒருத்தி வேலை சொல்றா. கிளம்பு," என்றது இடது.

கிளம்பின. நடுங்கின. பாதியில் நின்றன. பிறகு நிமிர்ந்தன.

"ஒன்று. மிக நன்று," என்றது கைப்பேசி.

முழங்கால்களுக்குள் ஏதோ சூடாக ஓடியது.

"இன்னொண்ணு போகலாம் போல இருக்கு," என்றது இடது.

"எனக்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கு," என்றது வலது.

ஆனால் வாத்தியார் எதிரே பார்த்துவிட்டார். எதிரே பீரோ. பீரோவில் கண்ணாடி. கண்ணாடியில் ஒரு கிழவன். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முதுகு வளைந்து, கால் நடுங்கி, நின்றுகொண்டிருக்கிறான். காதைப் பிடிக்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

வாசற்படியில் செங்கமலம் வாளியோடு நின்றாள். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார்."

"சொல்லு."

"எங்க ராஜகோபாலு ஞாபகம் வந்துச்சு. ஏழாவது படிக்கிறப்ப உங்க கிளாசுல நூறு போட்டுட்டு வந்தான். நாலு நாள் கால மடக்க முடியல அவனுக்கு. கொல்லைக்குப் போறதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டான்."

"காப்பியடிச்சிருப்பான்."

"அடிச்சான் சார், இல்லேங்கல. எண்பத்தஞ்சுல எண்ணிக்கை தப்பிப்போச்சாம். மறுபடியும் மொதல்லேருந்து போட்டானாம். அதை நெனச்சேன், சிரிப்பு வந்துருச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே சிரிப்புத்தான் வந்தது. மகன் ராஜகோபால் இப்போது திருப்பூரில் இருக்கிறான், இரண்டு குழந்தைகள். எல்லாம் எப்போதோ நடந்தது.

வாத்தியார் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பட்டையை அவிழ்த்தார். தேக்கு நாற்காலியில் போய் விழுந்தார்.

"இன்னும் நான்கு இருக்கின்றன," என்றது கைப்பேசி.

அதைக் கவிழ்த்து வைத்தார்.

"நம்மள ஒரு வார்த்தை கேக்கலையே," என்றது இடது. "நான் ரெடியாத்தானே இருந்தேன்."

"அவருக்குக் கால் வலிக்கல," என்றது வலது. "வேற எங்கயோ வலிக்குது."

சாயங்காலம் அரசி கூப்பிட்டாள். "அப்பா, ஒண்ணுதான் வந்திருக்கு."

"டவர் இல்ல," என்றார் வாத்தியார்.

மறுநாளும் டவர் இல்லை. மூன்றாம் நாள் அவர் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"இந்தப் பட்டையைக் கொஞ்சம் கட்டிக்க. வேலை பாக்கிற வரைக்கும்."

"எதுக்கு சார்?"

"நடந்தா சார்ஜ் ஏறும்."

செங்கமலம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க வீட்லயும் போன் இருக்கு சார்."

வாத்தியார் தரையைப் பார்த்தார்.

அவள் வாளியை வைத்துவிட்டுப் பட்டையைக் கையில் எடுத்துப் புரட்டினாள். அரசி அன்று சொன்னது எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"அரசிம்மா உங்களக் கூட்டிட்டுப் போயிட்டா இந்த வீடும் பூட்டிருமுல்ல," என்றாள். "பதினாலு வருசமா வர்றேன்." இடுப்பில் கட்டிக்கொண்டாள். "ஒட்டியாணம் போட்டதில்ல. இதாவது போட்டுக்கிறேன்."

அவள் குந்தி உட்கார்ந்து தரை துடைத்தாள். எழுந்து தண்ணீர் மாற்றினாள். மறுபடி குந்தினாள். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள், எழுந்தாள்.

"ஐந்து," என்றது கைப்பேசி. "ஆறு. ஏழு. இன்று நீங்கள் மிகச் சுறுசுறுப்பாக இருக்கிறீர்கள்."

"இது ஒருத்திதான் என்னைய மெச்சுது," என்றாள் செங்கமலம்.

அன்று மத்தியானம் அவள் பட்டையை அவிழ்த்து ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போனாள். வாத்தியார் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். வலது முழங்கால் கைப்பேசியைக் கேட்டது.

"ஏம்மா, பதினொண்ணுன்னு எழுதிருக்கியே. யார் பேர்ல?"

"தில்லைநாயகம் அவர்களின் பெயரில்."

"அவரு முழங்கால் நாங்கதான். நாங்க காலையிலேருந்து மடங்கவே இல்ல."

"இடுப்பு கீழே போனால் உட்கார்ந்தது. மேலே வந்தால் எழுந்தது. எனக்கு அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்," என்றது கைப்பேசி. "எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை."

"யார் இடுப்புன்னு கேக்க மாட்டியா?"

"கேட்கும்படி யாரும் சொல்லவில்லை."

அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது சொன்னதைச் செய்கிற சாமான். பொய் சொன்னவர் வீட்டுக்காரர்.

அந்த வாரமே வலது முழங்கால் எழுந்திருக்கப் பார்த்தது. தானாகவே கொஞ்சம் மடங்கி நிமிர்ந்து பார்த்தது. "நாமளா செஞ்சு பாப்போம்," என்றது. ஆனால் முழங்கால் மட்டும் நினைத்தால் ஆகாது. ஆள் நினைக்க வேண்டும்.

இனி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்கிறவனை அந்தச் செயலி சும்மா விடாது.

ஐப்பசி பிறந்தது. "வாழ்த்துகள். நீங்கள் அடுத்த நிலைக்கு உயர்ந்துவிட்டீர்கள்," என்றது கைப்பேசி. "இனி இருபது. இடைவிடாமல், தொடர்ந்து."

தரை துடைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அதற்குப் போதவில்லை. தொடர்ந்து எழ வேண்டுமாம். வாத்தியார் யோசித்தார். பிறகு செங்கமலத்திடம் ஸ்டூலைக் காட்டினார்.

அவள் வேலையெல்லாம் முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டாள். வாத்தியார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் பேசாமல் இருந்தார். இரண்டாம் நாள் வாய் தானாகத் திறந்தது.

"நிமிர்ந்து."

"நிமிர்ந்துதான் சார் எழுந்திரிக்கிறேன்."

"குனியாத. பன்னிரண்டு. ம். பதிமூணு."

நாற்காலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சாருக்குக் குரல் திரும்பிடுச்சு," என்றது. "எத்தனை வருஷமாச்சு இந்தக் குரலைக் கேட்டு."

உண்மைதான். அவர் குரல் கணீரென்று இருந்தது. கால்தான் இல்லை.

கார்த்திகையில் முப்பது ஆயிற்று. செங்கமலம் இந்த வீட்டுக்கு முன்னால் இரண்டு வீடு முடித்துவிட்டு வருகிறவள். இதற்குப் பிறகு இன்னொரு வீடு. முப்பது முடிந்ததும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு டம்ளர் டீ குடிப்பாள். அப்போது இரண்டு ஜோடி முழங்கால்களும் அருகருகே இருக்கும்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டது வாத்தியாரின் இடது.

"இருக்கோம்," என்றது செங்கமலத்தின் இடது. அது வீங்கியிருந்தது. "வயசென்ன உங்களுக்கு?"

"எழுபத்தாறு."

"அப்படியா. போன்ல அம்பத்தஞ்சுன்னு சொல்லுச்சே. உங்க காலு அம்பத்தஞ்சு வயசுக் காலாம்."

வாத்தியாரின் வலது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"நான் குத்தமாச் சொல்லல," என்றது அவளுடையது. "எங்களுக்குப் பழக்கந்தான். வீட்டுத் தரை தொடைக்கிறப்ப ஒரு துணியாச்சும் சுத்தமாகும். இதுல என்ன சுத்தமாகுதுன்னுதான் தெரியல. அது சரி, அந்தப் பையன் ராஜகோபாலு முழங்காலு எங்க வீட்டுதுதான். அதுக்கும் நாங்கதான் எண்ணெய் தேச்சு விட்டோம்."

வலது முழங்காலுக்கு மடங்கி எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. மடங்க முடியவில்லை.

"டீ ஆறிடும், குடிங்க," என்றது இடது. அதற்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

மார்கழியில் நாற்பது. தை பிறக்க எட்டு நாள் இருக்கும்போது அரசி கூப்பிட்டாள். முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டாள். வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, எனக்கு ஆச்சரியமா இருக்கு. நான் நம்பவே இல்ல. ஒரு வாரத்துல விட்டுருவீங்கன்னுதான் நெனச்சேன். சாரிப்பா."

"எதுக்குச் சாரி."

"உங்களத் தப்பா எடை போட்டதுக்கு. அந்த ரூமைப் பையனுக்குப் படிக்கக் குடுத்துட்டேன். நீங்க அங்கயே இருங்க. எப்படிப்பா முடிஞ்சுது?"

"பழக்கம்தான்," என்றார் வாத்தியார்.

அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வீடு அவருடையது. கதவு அவருடையது. தாழ்ப்பாள் அவருடையது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் செங்கமலம் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு வேண்டாம்," என்று சொல்லலாம் என்று வாத்தியார் வாயெடுத்தார். அதற்குள் அவள் பட்டையைக் கட்டிவிட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

நடுக்கூடத்தில் வாளியை வைத்துக் குந்தினாள். துணியைப் பிழிந்தாள். ஒரு கை வீசித் துடைத்தாள். எழப் போனாள். எழவில்லை.

இன்னொரு முறை பார்த்தாள். முழங்கால் வர மறுத்தது. அப்படியே ஈரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், ஒரு கை குடுங்க."

ஆறு அடி தூரம். வாத்தியார் நாற்காலியின் கைகளைப் பிடித்து உந்தினார். முழங்கால்கள் பாதி வந்தன. திரும்ப விழுந்தன. மறுபடி உந்தினார். மறுபடி விழுந்தார்.

"எங்களால ஆகல," என்றது இடது. அதன் குரல் உடைந்திருந்தது. "அஞ்சு மாசமா எங்களை ஒண்ணும் கேக்கலையே. இப்பத் திடீர்னு கேட்டா?"

ஒரே கூடத்தில் இரண்டு பேர். ஒருத்தி தரையில், ஒருவர் நாற்காலியில். எழ ஆள் இல்லை.

கைப்பேசி பேசியது. "நீங்கள் வெகு நேரமாக எழவில்லை. விழுந்துவிட்டீர்களா? அரை நிமிடத்தில் உங்கள் மகளை அழைக்கிறேன். வேண்டாம் என்றால் திரையைத் தொடவும்."

செங்கமலம் இடுப்பைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள்.

"அரசிம்மாவக் கூப்புடுமாம் சார். கூப்புடட்டுமா?"

வாத்தியாருக்குத் தெரியும். மகள் கேட்டால் பேசப்போவது செங்கமலத்தின் குரல். தரையில் கிடப்பது செங்கமலத்தின் கால். ஐந்து மாசக் கணக்கு அந்த நிமிடம் வெளியே வந்துவிடும். பிறகு ஒன்பதாவது மாடி. தாழ்ப்பாள் இல்லாத கதவு.

அழை என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வதுதான் சரி.

"பத்து," என்று தலைகீழாக எண்ணத் தொடங்கியது கைப்பேசி. "ஒன்பது. எட்டு."

செங்கமலம் வலியில் வெளுத்துப்போயிருந்தாள். ஈர விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டாள்.

"அரசிம்மா பயந்துக்கும்," என்றாள்.

கைப்பேசி நின்றது. "நல்லது. ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்," என்றது.

அவள் கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். வாசற்கால் வரைக்கும் நகர்ந்து, நிலையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அதற்கு அரை மணி ஆயிற்று. வாத்தியார் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையை அவிழ்த்து ஸ்டூலில் வைத்தாள்.

"சோறு குக்கர்ல இருக்கு. ரசம் மேடையில இருக்கு," என்றாள். போனாள்.

வாத்தியார் ஆறாவது முறை உந்தியதில் எழுந்தார். அதற்குள் அவள் தெருமுனை தாண்டியிருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வாளி நடுக்கூடத்திலேயே இருந்தது. துணி அதன் விளிம்பில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. வாத்தியார் சுற்றிக்கொண்டு போனார். குளிக்கப் போகையில் தாழ்ப்பாளில் கை வைத்தார். போடப் பயமாக இருந்தது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு குளித்தார்.

நாற்காலி சொன்னது: "போனாப் போகுது சார். வேற ஆளு வரும். இந்தத் தடவை கொஞ்சம் வயசுல சின்னதா, இடுப்பு நல்லா இருக்கிற ஆளாப் பாப்போம்."

வாத்தியார் நாற்காலியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அது சொன்னதை அவரும் காலையில் ஒரு கணம் நினைத்திருந்தார். அதனால்தான் அதைத் திட்ட முடியவில்லை.

கைப்பேசியை எடுத்தார். மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, நேத்தும் இன்னிக்கும் ஒண்ணும் வரல? உடம்பு சரியில்லையா?"

"இனிமே வராது."

"ஏன்?"

"அது என்னுது இல்ல."

"எது?"

"அந்த எண்ணிக்கை."



"யாருதுப்பா?"

"செங்கமலம்."

"எல்லாமா?"

"மொத ஒண்ணு என்னுது."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு."

மகள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"தெரியல. கேக்கல."

"பொங்கலுக்கு வர்றேன்," என்றாள் அரசி. வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. செங்கமலம் இறங்கினாள். முழங்காலில் கட்டு. கையில் யாரோ கொடுத்த கம்பு.

"பெரியாஸ்பத்திரியில மூணு மாசம் குந்தவே கூடாதுன்னுட்டாங்க. வேற ஆளைப் பாத்துக்கங்க சார்," என்றாள். "வாளியை நடுவுல போட்டுட்டுப் போயிட்டேன். தடுக்கி விழுந்து வெப்பீங்க. அதை எடுத்து வெச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு," என்றார்.

அவள் பழக்கத்தில் தரையைப் பார்த்தாள். பிறகு கால் ஞாபகம் வந்தது. சுற்றிப் பார்த்தாள். தேக்கு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"அது சாரு நாற்காலி."

"உக்காருங்க," என்றார் வாத்தியார்.

பதினாலு வருஷத்தில் அவர் அவளை அப்படிச் சொன்னதில்லை. அவள் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். பித்தளைத் தகடு அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"இவளையா?" என்று முனகியது நாற்காலி. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வாத்தியார் கைப்பேசியைக் கையில் எடுத்தார். "என் பேர்ல மொத்தம் எத்தனை?"

"மூவாயிரத்து நூற்றுப் பதினேழு," என்றது அது. "உங்களைப் போன்றவர்களில் நீங்கள் முன்னணியில் இருக்கிறீர்கள்."

"தப்பு."

"எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை."

"நான் தவறுவேன்," என்றார் வாத்தியார். சுவரைப் பிடித்து எழுந்து, அதை ஜன்னல் கட்டையில் வைத்தார். ஐந்து மாசமாகச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தார். எதிர்வீட்டில் யாரோ கோலமாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"பட்டை அணியப்படவில்லை. என்னால் எண்ண இயலாது," என்றது கைப்பேசி.

அவர் ஸ்டூலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கைகளை மார்பின் குறுக்கே கட்டினார். கைகள் அங்கே நிற்கவில்லை. மேலே போயின. இடது கை வலது காதைப் பிடித்தது. வலது கை இடது காதைப் பிடித்தது.

"ஐயோ, என்ன சார் இது. வேணாம் சார். விடுங்க சார்." செங்கமலம் எழப் பார்த்தாள், கால் இடம் கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாத்தியாரின் முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"இப்ப அவருக்கு வலிக்கலையா?" என்று கேட்டது இடது.

"வலிக்குது," என்றது வலது. "அதனாலதான் எழுந்திரிக்கிறாரு. வா."

பாதியில் நின்றன. நடுங்கின. திரும்ப விழப் பார்த்தன. விழவில்லை. நிமிர்ந்தன.

காப்பியடித்தவனுக்கு நூறு. போடுகிறவனே சத்தமாக எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து.

"ஒன்று," என்றார் வாத்தியார்.